வண்டி வரும் என்று சொன்னேன்

அந்த மீன்கார அக்கா எங்கள் அலுவலகப் படியேறி வந்தது மொத்தமே இரண்டு தடவைதான். முதல் தடவை வந்த காலை இப்போதும் கண்ணெதிரே நிற்கிறது. கார்த்திகை மாதம். விடிந்ததிலிருந்து வானம் கொளவாய் ஏரிமேல் இறங்கிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மழை வலுக்கவில்லை. காற்று மட்டும் விட்டுவிட்டு வந்து கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அக்கா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழவழத்த சிமெண்டுத் தரையில் பயந்து பயந்து அடியெடுத்து வைத்தாள். பியூன் எழுந்து, "எங்க வர்ற?" என்று கையை நீட்டினார். "நமக்குத் தெரிஞ்சவங்கதான், விடுங்க" என்றேன் நான். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்து தட்டச்சராக வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம், புயல், பஞ்சம் என்றால் ஜனங்கள் மனுவோடு ஓடிவரும் அலுவலகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடந்த மணல்திட்டில் அக்காவின் குப்பம். முதல் பஸ்ஸைப் பிடித்து, கண்டக்டரின் வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பின்வாசலில் கூடையை மடியில் அணைத்தபடி திருக்கழுக்குன்றம் வழியாக வந்து எங்கள் அலுவலக வாசலுக்கு எதிரே உட்காருவாள். நான் வீட்டுக்கு மீன் வாங்குகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் அது கிடையாது. ஆனாலும் மதியம் சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வரும்போது இரண்டு வார்த்தை பேசுவேன். "இன்னா டைப்பம்மா, கை வலிக்கலியா ஒனுக்கு?" என்பாள். அவளுடைய பெண் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பதும், மாமியார் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடப்பதும் அந்த இரண்டு வார்த்தைகளில் தெரிந்துகொண்டவைதான்.

அன்று அவள் என் மேசையின் விளிம்பைத் தொடாமல் நின்று கேட்டாள்.

"பெரிய காத்து வருதுன்னு பேசிக்கிறாங்களே, மெய்யாம்மா? எங்க ஆளுங்க கடலப் பாத்துட்டு, மத்தியானத்துக்குள்ள கெளம்பி லைட் ஹவுஸ் பாற மேல ஏறிடலாம்னு சொல்றாங்க. எனுக்கு இன்னா பேஜாருன்னா, கெழவிய கட்லோட தூக்கணும். பொண்ணு வேற நடக்க முடியாம கீது."

என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த உத்தரவை நானே தட்டச்சு செய்திருந்தேன். கடலோரக் குப்பங்களில் உள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை அலுவலக ஜீப்பில் ஏற்றிப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அவளுடைய குப்பத்தின் பெயரும் அதில் இருந்தது.

"ஜீப் வருதுக்கா. நானே டைப் அடிச்சேன். மதியத்துக்குள்ள வந்துடும். பாட்டியைத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க. மூட்டையைக் கட்டி வெச்சிட்டு வீட்லயே இருங்க."

"சர்க்காரு வண்டியா? எங்குளுக்கா?" என்றாள். நம்பாமல் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டாள். அவள் படியிறங்கிப் போய்க் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதிகாரியின் அறையில் டெலிபோன் அடித்தது. அறைக்கதவு சாத்தியிருந்தாலும் அவர் குரல் கேட்டது. "சரிங்க ஐயா... சரிங்க ஐயா... ஒரு ஜீப்தான் இருக்குங்க ஐயா... சரிங்க ஐயா." வெளியே வந்து எங்கள் அலுவலக ஆய்வாளரைக் கூப்பிட்டார். கடற்கரையில் ஒரு விருந்தினர் மாளிகையில் மேலிடத்து உறவுக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களைப் பத்திரமாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் மற்றது என்றார். ஆய்வாளர் ஐம்பதை நெருங்கிய மனிதர். அதிர்ந்து பேசாதவர். "சார், குப்பத்துல கர்ப்பிணிங்க இருக்காங்க. முதல்ல ஒரு நடை அங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தார். அதிகாரி அவரைத் திட்டவில்லை. "எனக்கும் மேல ஆள் இருக்காங்கய்யா. போயிட்டு சீக்கிரம் வாங்க, அப்புறம் குப்பத்துக்குப் போகலாம்" என்றார். அந்தக் குரலில் அதிகாரத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. அக்கா இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். ஓடினால் ஐந்து நிமிஷம். 'ஜீப்பை நம்ப வேண்டாம், கிளம்பிவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தும் விட்டேன். அதற்குள் அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, இதை அவசரமா நாலு பிரதி" என்று ஒரு தாளை நீட்டினார். 'இதோ வந்துவிடுகிறேன் சார்' என்று நான் சொல்லியிருக்க முடியும். அவர் தடுத்திருக்கவும் மாட்டார். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை என்ற நினைப்பு ஒன்று குறுக்கே வந்தது. மீன்காரியைத் தேடி மழையில் ஓடினாள் என்று பேசுவார்களே என்ற வெட்கமும் இருந்தது. இந்த இரண்டில் எது என்னை உட்கார வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. இதற்குள் பஸ் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கார்பன் தாள்களை அடுக்கி உட்கார்ந்தேன். நான்கு பிரதி அடித்து முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை சாய்வாக விழ ஆரம்பித்திருந்தது.

பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். குப்பத்தில் ஆண்கள் கட்டில்களைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். இவள்தான் போய், சர்க்கார் வண்டி வருகிறது, டைப்பம்மா எழுதியே வைத்திருக்கிறாள் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறாள். நடக்கக்கூடிய சிலர் கிளம்பிப் போய்விட்டார்கள். முடியாதவர்கள் இருக்கும் வீடுகள் மட்டும் காத்திருந்தன. குப்பத்துக்குத் திரும்பும் மண்பாதை ஜீப்காரனுக்குத் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று அக்கா உப்பங்கழியைக் கடந்து தார்ச்சாலைக்கு வந்து ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றிருக்கிறாள். டீசல் போட்டுச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பவே மதியமாகிவிட்ட ஜீப், முதலில் காலியாகத் தெற்கே போனது. கை காட்டினாள், நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே ஜீப் திரும்பி வந்தது. உள்ளே பட்டுச்சேலைப் பெண்மணியும், இரண்டு மூன்று பேரும், பெட்டிகளும், ஒரு நாயும். அக்கா சாலை நடுவிலேயே போய் நின்றுவிட்டாள். ஜீப் வேகம் குறைந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் தலையை வெளியே நீட்டி, திரும்பி வருகிறோம் என்று கையால் காட்டினார். அவளும் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆய்வாளர் பொய் காட்டவில்லை. திருக்கழுக்குன்றத்தில் எங்காவது அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறார். செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களை இறக்கிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் அவர் மறுபடி கிளம்பியதை நானே பார்த்தேன். பாதி வழியில் புளியமரங்கள் சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தன. டிரைவரையும் ஜீப்பையும் அங்கேயே விட்டுவிட்டு அந்த மனிதர் நடக்க ஆரம்பித்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடல் ஏறியது. அதற்குச் சற்று முன்பே அக்கா நம்பிக்கை இழந்து குப்பத்துக்குத் திரும்பப் பார்த்திருக்கிறாள். அதற்குள் கழி நிரம்பி, இடுப்பளவு என்றிருந்தது கழுத்தளவாகி, பிறகு இறங்கவே முடியாததாகிவிட்டது. அவள் கணவர் ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார். வீட்டில் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த மகளும் மாமியாரும் பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் ஆய்வாளர் போய்ச் சேர்ந்தபோது குப்பம் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டியிருந்தது. ஆய்வாளர் தன் கையெழுத்தில் வரைவு எழுதிக்கொண்டு வந்தார். எந்த நேரத்துக்கு ஜீப் எங்கே போனது, யாரை ஏற்றி வந்தது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். தான் ஒரு பெண்ணிடம் கை காட்டிவிட்டு வந்ததையும் எழுதியிருந்தார். அதிகாரி படித்தார். பேனாவை எடுத்து அந்தப் பத்தி முழுவதையும் அடித்தார். பக்கத்தில், 'மரங்கள் விழுந்து சாலை துண்டிக்கப்பட்டதால் வாகனம் சென்றடைய இயலவில்லை' என்று எழுதினார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார், யாரையும் பார்க்காமல். பொய் இல்லைதான். நான் அதைச் சுத்தமாக, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்தேன். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு அச்சரப்பாக்கம் பக்கம் போய்விட்டார். போகும்போது என்னிடம், "நீங்க சின்னப் பொண்ணு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் மனதில் வைத்துக்கொண்டதை யாரால் எடுக்க முடிந்திருக்கும்?

அக்கா இரண்டாவது தடவை படியேறி வந்தது அதற்குப் பிறகுதான். இம்முறை பியூன் தடுக்கவில்லை. அவள் கையில் கூடை இல்லை. என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் திட்டவில்லை. சாலையில் நின்றதை, ஜீப் போனதை, கழி நிரம்பியதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"செத்தவங்க லிஸ்டுல எங்கூட்டுக்கு ரெண்டு பேருன்னு போட்டுக்கீதாமே. மூணு பேரும்மா."

எனக்குப் புரியவில்லை.

"வயித்துல இருந்திச்சே, அது? பத்து நாள்ல பொறந்திருக்கும். அத்த எழுத மாட்டீங்களா?"

அதிகாரியிடம் போய்க் கேட்டேன். பெயர், வயது, தகப்பன் பெயர் என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. பிறக்காததற்குக் கட்டம் இல்லை. "விதியில இடமில்லம்மா, நான் என்ன பண்ணட்டும்" என்றார். திரும்பி வந்து, எழுத முடியாதாம் அக்கா என்றேன். அவள் தலையசைத்தாள். "நீ டைப் அடிச்சா நடக்கும்னு நெனச்சேன்" என்றாள். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அது இன்றுவரை குத்துகிறது. அன்று அவள் இறங்கிப் போனதற்குப் பிறகு எங்கள் அலுவலக வாசலில் மீன் விற்க உட்காரவே இல்லை.

நான் அதே துறையில் நிரந்தரமாகி, உதவியாளராகி, கண்காணிப்பாளராகி ஓய்வு பெற்றேன். இடையில் எத்தனையோ புயல்கள். ஒவ்வொன்றிலும் உத்தரவு சரியாகத்தான் எழுதப்பட்டது. எத்தனை வண்டிகள் சரியான இடத்துக்குப் போயின என்பதை அந்த உத்தரவுகளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. என்னால் முடிந்த இடத்தில் குரல் கொடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டொரு தடவை கொடுத்தேன். மற்றபடி நாலு பிரதி எடுத்தேன்.

ஓய்வு பெற்ற வருஷம் மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் குப்பத்தைத் தேடிப் போனேன். கழிக்கு இந்தப் பக்கம், தார்ச்சாலையை ஒட்டிக் கான்கிரீட் வீடுகள் வந்திருந்தன. அக்கா வெள்ளை முடியோடு வலையிலிருந்து சிப்பிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். புயலுக்குப் பிறகு பிறந்த மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "டைப்பம்மாவா? எளச்சிட்டியே" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாததை அன்று சொன்னேன். உத்தரவு மாறியது எனக்குத் தெரியும், ஐந்து நிமிஷம் ஓடியிருந்தால் உங்களைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்திருக்கலாம், பஸ் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் என்றேன்.

அவள் சிப்பியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. ஏதோ ஞாபகம் வந்த மாதிரி சொன்னாள்.

"பஸ்சு அன்னிக்கு லேட்டும்மா. டிரைவரு வர்ல. ரொம்ப நேரம் நின்னுகினுதான் இருந்துச்சு. நான் கடல வாங்கித் துன்னுகினு குந்தினு இருந்தேன்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மருமகள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தோம்.

இப்போதெல்லாம் புயல் எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. குப்பத்துக்கு அருகிலேயே ஒரு பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது, ஜனங்களைக் கூட்டிப்போக வேன் வருகிறது, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காலம் மாறித்தான் இருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் நான் முதலில் செய்கிற வேலை அக்காவின் மருமகளுக்குப் போன் செய்வது. கிளம்பிவிட்டீர்களா, அக்கா வேனில் ஏறிவிட்டாளா என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் சலிப்போடு ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"அது காத்து மாறினதுமே வெடியக்காத்தால நடந்தே போயிருச்சும்மா. எண்பது வயசு ஆவப்போவுது. வண்டி வரும், செத்த குந்துன்னா கேக்கவே மாட்டேங்குது."