வண்டியை விட்டு இறங்கிய அகமது மீரான்

மேலப்பாளையத்தில் துணி வியாபாரி அகமது மீரானைத் தெரியாதவர்கள் கிடையாது. எப்படித் தெரியாமல் இருக்கும், தெருவில் அவர் வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டித்தானே நிற்க வேண்டும்! வெள்ளைக்கார ராஜாவுக்கு டெல்லியில் தர்பார் நடந்த சமயம் அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. வாலிபத்தில் தறிகாரர்களிடம் சேலையும் இடுப்பில் கட்டுகிற சாரமும் வாங்கி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு களக்காடு வரைக்கும் ஊர் ஊராக நடந்து விற்றவர். அல்லா கொடுத்தான். கடை வந்தது, போக வர வண்டி வந்தது, கூடவே தொந்தியும் வந்தது.

தொந்தியைப் பற்றி முதலில் அவருக்குப் பெருமைதான். செழிப்பான மனிதன் என்று பார்த்தாலே தெரிய வேண்டாமா? அந்தப் பெருமை ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் போயிற்று. முதல் வரிசையில் நின்று தொழுகிற மனிதர், சுஜூதுக்காக, நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தார். முழங்கால் சுளீரென்றது. வயிறு நடுவில் நின்று மறித்தது. நெற்றிக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் மிச்சம். மற்றவர்கள் எழுந்த பிறகும் இவரால் எழ முடியவில்லை. தொழுகை முடிந்ததும் இரண்டு பேர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

முடியாதவர்கள் உட்கார்ந்தே தொழலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று தொழவைக்கிற ஹஸரத் ஆறுதல் சொன்னார். நியாயம்தான், மனசு கேட்க வேண்டுமே! கொஞ்ச நாள் வரிசையின் கடைசியில், சுவரோரம் உட்கார்ந்து, தலையை மட்டும் சாய்த்துத் தொழுதார். பிறகு அதற்கும் வெட்கப்பட்டு, வெள்ளிக்கிழமை போக மற்ற வேளையெல்லாம் வீட்டோடு நின்றுவிட்டார். அப்படியே வருஷங்கள் ஓடின.

"நெத்தி தரையில படாமலே மௌத்தாயிருவேனோ புள்ள," என்று மனைவி ஹமீது பீவியிடம் ஒரு நாள் கேட்டார். சாவுக்குப் பயந்த குரல் இல்லை அது.

"வாயைக் கழுவுங்க! என்ன பேச்சு பேசுதிய?"

சரி, உடம்பைக் குறைப்பது என்று முடிவாயிற்று. அவருக்குத் தோன்றிய வழி நோன்பு. ரமலான் போக மற்ற மாதங்களிலும் திங்கள், வியாழன் நோன்பு வைத்தால் நன்மைக்கு நன்மையும் ஆச்சு, உடம்பும் வற்றும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மேலப்பாளையத்தை அவர் மறந்துவிட்டார். நோன்பு திறக்க உணவு கொடுத்தால் கொடுத்தவருக்கும் அதே நன்மை உண்டல்லவா? ரமலானில் ஊரே நோன்பாளி. சாதாரண வியாழக்கிழமையில் தெருவுக்கே ஒரே ஒரு நோன்பாளி அகப்பட்டால் விடுவார்களா? சித்தி ஜனாபா என்கிற அடுத்த வீட்டுப் பெண் கறிக்கஞ்சி கொண்டுவந்தாள். மச்சினி வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்காலும் வந்தன. தறிகாரர் வீட்டிலிருந்து வட்டிலப்பம். திருப்பி அனுப்பினால் அடுத்தவர் நன்மையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். மனிதர் பிஸ்மி சொல்லி உட்கார்ந்துவிடுவார். பகல் பூராவும் பட்டினி கிடக்க வேண்டுமே என்று, விடிவதற்கு முன் சஹருக்கு ஹமீது பீவி வேறு நெய்ச்சோறு ஆக்கி வைத்தாள். சட்டையில் தையல் பிரிந்ததுதான் கண்ட பலன்.

"நோம்பு வச்சுத் தடிச்ச மனுசன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்று சிரித்தாள் ஹமீது பீவி. சிரித்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

கடைசியில் வழி பிறந்தது ஒரு மாட்டின் புண்ணியத்தில். களக்காட்டுச் சந்தைக்கு அவரையும் துணி மூட்டைகளையும் கொண்டுபோகிற வண்டிக்காரர் சிவசண்முகம், புதிதாக ஒரு செவலைக் காளை வாங்கிப் பூட்டியிருந்தார். நல்ல மாடு, ஆனால் ரோஷக்கார மாடு. பத்தமடை தாண்டி ஓடைக்கரை ஏற்றத்தில் அது காலை மடக்கிப் படுத்துக்கொண்டது.

"எறங்குங்க அண்ணாச்சி. பின்னால பாரம் இழுக்கு, மாட்டுக்குக் கழுத்து நெரியுது," என்றார் சிவசண்முகம்.

"மூட்டையை எறக்கும்வே! நானா பாரம்?"

சிவசண்முகம் மூட்டையைப் பார்த்தார், அவரையும் பார்த்தார். "மூட்டை எப்பமும் உள்ளதுதானே அண்ணாச்சி."

அகமது மீரானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வண்டி நகர வேண்டுமே, இறங்கினார். செவலை சட்டென்று எழுந்து நடந்தது. ஏற்றம் முடிந்ததும் ஏறினார், படுத்துக்கொண்டது. இறங்கினார், எழுந்துகொண்டது. எமகாதக மாடு! அன்றைக்குச் சேரன்மகாதேவி வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மாட்டையும் வண்டிக்காரரையும் வைதுகொண்டே பைய நடந்தார்.

அதற்குப் பிறகு வேறு வண்டி பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ராத்திரி அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கிப் பல காலம் ஆயிற்று. முழங்கால் வலித்தது, ஆனால் பழைய வலி போல மிரட்டவில்லை. அடுத்த சந்தைக்கு ஓடைக்கரை வந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கினார். போகப் போக ஊர் எல்லையிலேயே இறங்கிவிட்டார். வண்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறவரைப் பார்த்து வழியெல்லாம் கேலி.

"என்ன அண்ணாச்சி, மாட்டுக்குத் துணைக்குப் போறியளா?"

"ஆமாவே, தனியாப் போகப் பயமா இருக்காம்!"

சந்தை இல்லாத நாளில் ஆற்றுக்கு நடந்துபோய்க் குளித்து வந்தார். நெய்ச்சோறு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாயிற்று. நோன்பை விடவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தில் மூச்சு விடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் கஞ்சியோடு நோன்பு திறந்தார். பையப் பைய சட்டை தொளதொளத்தது. தனியாக இருக்கும்போது குனிந்து பார்த்துக்கொள்வார். ஒரு சாண் நாலு விரல் ஆயிற்று, பிறகு அதுவும் குறைந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி ஏமாற்ற அவருக்கு மனசில்லை.

ஒரு நாள் சாயங்காலம், அசர் நேரம். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஹமீது பீவி, கூடத்தில் அரவமே இல்லையே என்று எட்டிப் பார்த்தாள். கணவர் பாயில் முகம் கவிழ்ந்து கிடந்தார். அசைவில்லை. அவர் உட்கார்ந்து தொழுவதையே வருஷக்கணக்காகப் பார்த்தவள் வேறென்ன நினைப்பாள்?

"யா அல்லா! விழுந்துட்டாங்களே!"

அலறல் தெருக்கோடிக்குக் கேட்டது. சித்தி ஜனாபா ஓடி வந்தாள். தறியை விட்டுவிட்டு ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அகமது மீரானுக்கு எல்லாம் காதில் விழுந்தது. தொழுகையில் பேசலாமா? பாயின் கோரை நெற்றியில் சொரசொரவென்று உறுத்தியது. அதை விட்டு எழ அவருக்கு மனசே வரவில்லை, அதுதான் நிஜம். பிறகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் கையும் பிடிக்காமல் இரண்டாவது சுஜூதுக்குக் குனிந்தார்.

"ஏன் இந்தச் சத்தம் போட்டிய ராத்தா? மாமாவுக்கு என்ன?" என்றாள் சித்தி ஜனாபா.

மீன் கையோடு நின்ற ஹமீது பீவிக்குக் கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. "ஒண்ணுமில்ல புள்ள, தொழுவுதாங்க," என்றாள். வாசலில் இருந்தவர்களுக்கும் அதையே சொன்னாள். எல்லாரும் கலைந்துபோன பிறகும், கேட்க ஆளில்லாத வீட்டில், "தொழுவுதாங்க, தொழுவுதாங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.