செல்வம் அண்ணனின் ரயில் அறைக்கு விளக்குப் போட்ட கதை

1. வீட்டு ரயில்

"தங்கச்சி, ரயிலுக்கு லைட் போடுவியா?" என்று போனில் ஒரு பெண் கேட்டபோது நான் கோலசிலாங்கூரில் ஒரு கோழிப்பண்ணையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். ரயில்வே வேலையெல்லாம் எடுப்பதில்லை, நான் வீட்டு வயரிங் செய்கிறவள் என்று சொன்னேன். "இது வீட்டு ரயில்தான்" என்றார் அவர்.

ஈஜோக்கிலிருந்து ரவாங் வரைக்கும் 'வயரிங் அக்கா' என்று கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணப் பந்தல், கோயில், கார் வாஷ், தாமான் குடியிருப்பு வீடு என்று எல்லாவற்றுக்கும் வயர் இழுத்திருக்கிறேன். பொம்மை ரயிலுக்கு மட்டும் இழுத்ததில்லை. அதனால்தான் போய்ப் பார்ப்போமே என்று தோன்றியது.

போன் செய்தவர் கமலா அக்கா. வீடு புக்கிட் செந்தோசாவில். அவருடைய வீட்டுக்காரர் செல்வம் அண்ணன், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். மனுஷனுக்குச் சின்ன ரயில் என்றால் பைத்தியம். பசார் மாலம் என்கிற இரவுச் சந்தை, பழைய சாமான் கடை என்று எங்கே ஒரு ரயில் பெட்டி கண்ணில் பட்டாலும் வாங்கி வந்துவிடுவார். ஹால் தரையில் தண்டவாளத்தை மாட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்டுவார். வந்த விருந்தாளிகள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போக வேண்டும்.

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரால் தரையில் உட்கார முடியவில்லை. ரயில்கள் பெட்டிக்குள் போயின. அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"டிவியில என்ன ஓடுதுன்னு கேட்டா அவருக்கே தெரியாது" என்றார் கமலா அக்கா. "பின்னால ஸ்டோர் ரூம் சும்மாதான் கெடக்கு. அத ரயில் ரூமா ஆக்கிக் குடுத்துட்டா மனுஷன் எந்திரிச்சிடுவாரு. இல்லன்னா இப்படியே உக்காந்து உக்காந்து போய்ச் சேந்துடுவாரு தங்கச்சி. எனக்குப் பயமா இருக்கு."

2. அளவு எடுத்தது

ரயில் ஓட வேண்டிய மேஜை வேலை மருமகன் குமரேசனுடையது. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், வேலை சுத்தம். மூன்று சுவரையும் ஒட்டிப் பலகை வரும். நடுவில் அண்ணன் சக்கர நாற்காலியோடு வந்து நின்றால், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாத் தண்டவாளமும் இருக்கும். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உயரம் பார்ப்பதற்காகச் சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். அண்ணன் உள்ளே படுத்திருந்தார். கமலா அக்கா அதைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குமரேசன் அதை முன்னும் பின்னும் உருட்டி, கைப்பிடி பலகைக்கு அடியில் நுழைகிறதா என்று பார்த்தார். நுழைந்தது. ஒரு கையால் பிடித்துச் சுற்றினார், நன்றாகவே சுற்றியது.

அளவை எழுத வேண்டியிருந்தது. நின்று நின்று கால் கடுத்ததால் அதிலேயே உட்காரப் போனேன். கமலா அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"அதுல உக்காராத தங்கச்சி. நல்லா இருக்கிறவங்க அதுல உக்காரக் கூடாது. குமரேசன்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

நானும் விலகிக்கொண்டேன். நம் வீடுகளில் இது ஒன்றும் புதிது இல்லையே. நோயாளியின் ஊன்றுகோலைச் சும்மா எடுத்து ஊன்றிப் பார்த்தால் எங்கள் அம்மா முதுகில் போடுவார். வேண்டாத சகுனத்தை ஏன் காசு கொடுக்காமல் வாங்க வேண்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டே எழுதினேன்.

3. விளக்கு

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அறையாக இருந்தாலும் சீலிங் நடுவில் வெள்ளை வெளேரென்று டவுன்லைட் வேண்டும். குழம்பில் உப்புப் போடுவதைக்கூட அளந்து போடுவார்கள், வெளிச்சத்தில் மட்டும் அளவே கிடையாது. கமலா அக்காவும் அதைத்தான் கேட்டார். ரயில் அறைக்கு அது ஆகாது என்று சொல்லிவிட்டேன். மேலிருந்து அடித்தால், குனிந்து வேலை செய்கிறவரின் தலை நிழல் தண்டவாளத்தின் மேலேயே விழும். சீலிங் ஃபேன் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம், விளக்குக்குக் கீழே இறக்கை சுற்றச் சுற்ற அறை முழுக்க மினுக்கும். சுவர் ஃபேன் போடலாம் என்றால் தண்டவாளத்தைச் சுற்றி வைக்கிற பஞ்சு மரமெல்லாம் பறக்கும். கடைசியில் சுவர் ஃபேனை வாசலுக்கு மேலே மாட்டி, காற்று ஆளின் முதுகில் படுகிற மாதிரி திருப்பி வைத்தேன்.

விளக்குக்கு எல்இடி ஸ்ட்ரிப். பலகைக்கு மேலே, சுவரோரமாக முழு நீளத்துக்கும் ஒரு தட்டு. அந்தத் தட்டின் முன் விளிம்பில் ஒரு மறைப்புப் பலகை, அதற்குப் பின்னால் ஸ்ட்ரிப். விளக்கு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் பலகைமேல் இருக்கிற பொம்மை ஊர்மேல் விழும். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு வரிசை போட்டு, தனித்தனி டிம்மர் வைத்தேன். இரண்டையும் கூட்டிக் குறைத்தால் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்றும் வரும். பிளக் பாயிண்டெல்லாம் பலகைக்கு முன்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற மாதிரி. ரயிலுக்கு மட்டும் தனி வயர், கதவருகில் ஒரே சுவிட்ச். அதை அணைத்தால் உள்ளே எல்லாமே அணைந்துவிடும். மறதிக்காரர்கள் வீட்டில் இது அவசியம். ஜன்னலோரம் சொல்டரிங் செய்ய ஒரு சின்ன மேஜை, புகை வெளியே போக ஓர் எக்ஸாஸ்ட்.

முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஒரு குட்டி ஊருக்கே பொழுது விடிந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

4. "நல்லாருக்கு"

கமலா அக்கா சூடம் காட்டி, வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து, செல்வம் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் உள்ளே போனார். குமரேசன் ஒரு ரயிலை ஓடவிட்டார். அது ஒரு சுற்று வந்து நின்றது.

"நல்லாருக்கு தங்கச்சி" என்றார் அண்ணன். "எல்லாரும் ரொம்பச் சிரமப்பட்டிருக்கீங்க." பிறகு மனைவியைப் பார்த்து, "என்னய ஹாலுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

எங்களுக்குப் பால் போடாத தே ஓ டீயும், வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங்கும் வந்தன. எல்லாரும் சாப்பிட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேனில் ஏறும்போது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷ வேலையில், பிடித்துப் போனவர் ஒருவர்கூட வெறும் 'நல்லாருக்கு' என்று சொல்லி நிறுத்தியதில்லை. பிடித்திருந்தால் உடனே ஒரு குறை சொல்வார்கள், இந்தச் சுவிட்சைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாமே என்பார்கள். மனசு ஒட்டாதவர்கள்தான் நன்றி சொல்லி அனுப்பிவைப்பார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கமலா அக்கா போன் செய்தார். 

"அவரு அந்த ரூம் பக்கமே போகல. குமரேசன்கிட்டச் சொல்லி ரயிலயெல்லாம் ஆன்லைன்ல போடச் சொல்லிட்டாரு. கிள்ளான்லேர்ந்து ஒரு ஆளு ஞாயித்துக்கிழம வந்து மொத்தமா எடுத்துக்கிறாராம். நான் என்ன செய்ய? ரயிலும் போயிட்டா அவருக்கு அப்புறம் என்னதான் இருக்கு?"

 விளக்கில் ஏதோ கோளாறாக இருக்கும், வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

5. உட்கார்ந்தது

அண்ணன் சோபாவில் இருந்தார். சக்கர நாற்காலி பக்கத்தில் காலியாக நின்றது. ஸ்டோர் ரூம் கதவு ஹாலுக்கு நேரே என்பதால், அவர் இருந்த இடத்திலிருந்தே உள்ளே பார்க்கலாம்.

நான் விளக்கைப் போட்டேன். எரிந்தது. டிம்மரைத் திருகினேன், ஒழுங்காகக் குறைந்தது. எங்கே நின்று பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. நின்று பார்த்தால், என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த அறையில் நான் நின்றேன், குமரேசன் நின்றார், கமலா அக்கா நின்றார். உட்காருகிறவர் ஒரே ஒருவர். அவர் உட்காரும் இடத்தில் நாங்கள் யாருமே உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஹாலுக்கு வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். மனசு உறுத்தவே செய்தது. பொய் சொல்லவில்லை, உள்ளுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

"எந்திரி தங்கச்சி" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார் கமலா அக்கா. "நல்லா இருக்கிறவங்க அதுல உக்காரக் கூடாதுன்னு சொன்னேன்ல? ஒனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"விடு கமலா" என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "அவ உக்காரட்டும்."

அண்ணனுக்கு வலது காலில் எடுத்தது போக மிச்சமிருக்கிற பகுதி மடங்காமல் நீட்டியே இருக்க, இருக்கையிலிருந்து முன்னால் ஒரு பலகை நீண்டிருக்கும். அளவு எடுத்த அன்று அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். இப்போது அது இருந்தது. நானும் காலை அதன்மேல் நீட்டிக்கொண்டு சக்கரத்தை உருட்டி உள்ளே போனேன்.

முதலில் கண் கூசியது. நின்றால் மறைந்திருக்கிற ஸ்ட்ரிப், உட்கார்ந்ததும் மறைப்புப் பலகைக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நேராகக் கண்ணில் அடித்தது. ஊர் தெரியவில்லை, ரயில் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு முன்னால் போனால், காலைத் தாங்கிய பலகையே மேஜையின் அடிச்சட்டத்தில் இடித்தது. தண்டவாளம் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது.

"சொல்லு" என்றார் ஹாலிலிருந்து அண்ணன். "என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலண்ணே. கண்ணுல குத்துது. காலு இடிக்குது."

"சரி, இப்பத் திரும்பி வெளிய வா பாப்போம்."

திருப்பினேன். நீட்டிய கால்பலகை இடது பக்க மேஜையில் முட்டியது. மறுபக்கம் திருப்பினேன், அங்கேயும் முட்டியது. பின்னால் தள்ளினேன், சக்கரம் கோணிக்கொண்டு கதவு நிலையில் இடித்தது. வியர்த்துவிட்டது.

"இப்ப என்ன பண்ணுவ?" என்றார்.

"யாரையாச்சும் கூப்பிடணும்லா."

"அதான். நான் கமலாவக் கூப்பிடணும். உள்ள போகக் கூப்பிடணும், வெளிய வரக் கூப்பிடணும், தண்ணி குடிக்கக் கூப்பிடணும். ஏற்கெனவே கக்கூசுக்குக் கூப்பிடறேன், குளிக்கக் கூப்பிடறேன். ரயிலுக்கும் கூப்பிடணுமா?"

கமலா அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "கூப்பிட்டா நான் வர மாட்டேனா?"

"நீ வருவ. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையா செஞ்சிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. எப்படிச் சொல்றது?"

 கமலா அக்கா உள்ளே வந்து, நாற்காலியின் பின்பிடியைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். நான் எழுந்துகொண்டேன். நான் எழுந்ததும் அவர் கரண்டியை டிவிமேல் வைத்துவிட்டு, அதில் தானே உட்கார்ந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மெல்ல உருட்டிக்கொண்டு உள்ளே போய், அதே கூச்சத்தில் கண்ணைச் சுருக்கி, அதே சட்டத்தில் காலை இடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். முதுகுதான் தெரிந்தது.

6. சனி, ஞாயிறு

குமரேசனைக் கூப்பிட்டோம். தான் ஆசை ஆசையாகச் செய்த மூன்றாவது பக்கப் பலகையை அறுக்கச் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா, அதுலதான் ஸ்டேசனே இருக்கு" என்றார். "ஸ்டேசன இந்தப் பக்கம் மாத்திக்கலாம், நீ மொதல்ல அறு" என்றார் அண்ணன். இந்தத் தடவை அண்ணன் நாற்காலியோடு அறை நடுவிலேயே இருந்தார். அவரை வைத்துக்கொண்டுதான் எல்லா அளவும் எடுத்தோம். அடிச்சட்டத்தைப் பின்னால் தள்ளிவைத்தோம். காலுக்கு இடம் கிடைத்தது. நான் ஸ்ட்ரிப்பைச் சாய்வான அலுமினியச் சட்டத்தில் மாட்டிச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மறைப்புப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். "இன்னும் கீழ, இன்னும், போதும்" என்று அவர் சொன்ன இடத்தில் திருகாணி போட்டேன். நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்கு இப்போது பாதி ஊர் தெரியாது. பரவாயில்லை, அவர்கள் குனியட்டும். டிம்மரையும் கதவருகே இருந்த சுவிட்சையும் அவர் கை உயரத்துக்கு இறக்கினேன்.

சாயங்காலம் எல்லாம் முடிந்ததும் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அவர் தானே உள்ளே போனார். உள்ளே திரும்பினார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கிளம்பினேன். உள்ளேயிருந்து, "தங்கச்சி, அந்த வெள்ள லைட்டு மூலையில கொஞ்சம் மங்கலா இருக்கு, அடுத்த தடவ பாரு" என்று குரல் வந்தது. அந்தக் குறையைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். மீட்டர் வைத்து அளந்தால் மட்டும் போதாது. அந்த வெளிச்சத்தில் யார் இருக்கப் போகிறாரோ, அவர் இருக்கும் இடத்தில் போய் நீங்கள் இருந்து பாருங்கள். படுத்திருப்பவர் அறை என்றால் கட்டிலில் படுத்துப் பாருங்கள். சக்கர நாற்காலி என்றால் அதில் உட்காருங்கள். வீட்டுக்காரர்கள் ஐயோ வேண்டாம் என்பார்கள். கேட்காதீர்கள். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமலா அக்கா போன் செய்தார்.

"அந்தக் கிள்ளான் ஆளு காலையிலயே வந்துட்டாரு. பெட்டியெல்லாம் கொண்டாந்தாரு. பேசி அனுப்புறேன்னு இவரு உள்ள கூட்டிட்டுப் போனவருதான். ரெண்டு பேரும் இன்னும் வெளிய வரல."

"வித்துட்டாராக்கா?"

"எங்க விக்கிறது? அந்த ஆளு வெளிய நிறுத்தியிருந்த காடியில இருந்து தன்னோட ரயில் இஞ்சின எடுத்துட்டு வந்து இதுல ஓட்டிக்கிட்டு இருக்காரு. சோறு ஆறிப்போச்சு. வாங்க வாங்கன்னு நான்தான் கதவுக்கு வெளிய நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு பதிலும் காணோம் தங்கச்சி."