பலகை சொன்ன பொய்

கண் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலோர அறையில், பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் கணினி நிரல் எழுதிவந்தாள். கீழே காத்திருப்போர் கூடத்தில் பெயர்கள் ஓடும் மின்பலகை அவள் பொறுப்பு. பதிவு கவுன்ட்டரில் தட்டச்சு செய்யும் பெயர்கள் ஒரு கோப்பில் சேரும். அவள் சி மொழியில் எழுதிய நிரல் அதை வரிவரியாக வாசித்துப் பலகைக்கு அனுப்பும்.

அதில் ஒரு தொல்லை. நிரல் பைட் கணக்கில், அதாவது கணினி நினைவின் சிறு அலகுகளாக, வாசித்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட் வேண்டும். நீளமான பெயர் வந்தால் எழுத்தின் நடுவிலேயே கத்தரி விழும். கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம் மிஞ்சும். மாலையில் அவளை அழைத்துப்போக வரும் கணவர், பேருந்து ஓட்டுநர், அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"உன் போர்டு பேரைக் கடிச்சுத் துப்புதே!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் உட்கார்ந்து, பைட்டுகளை விட்டு, எழுத்தை எழுத்தாகவே வாங்கும் முறைக்கு மாற்றினாள். முதல் ஓட்டத்தில் முதல் தமிழ் எழுத்திலேயே நிரல் நின்றுவிட்டது. எந்த மொழிச் சூழலில் வாசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொல்லும் ஒற்றை வரியை மறந்திருந்தாள். அதைச் சேர்த்ததும் பெயர்கள் முழுசாக ஓடின. ஏன் மூச்சுக்காட்டாமல் நின்றது என்பதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். வேலை முடிந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டாள்.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்குக் கூடத்து நர்ஸ் போன் செய்தாள்.

"அக்கா, இன்னைக்குப் பட்டியல் முடிஞ்சுதுன்னு போர்டு சொல்லுது. இங்க நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. சில பேரு எழுந்தே போயிட்டாங்க."

அவள் கோப்பைத் திறந்தாள். அறுபத்து மூன்றாம் வரி கிறுக்கலாக இருந்தது. அந்த ஒரு பெயர் மட்டும் கவுன்ட்டரில் இருந்த பழைய கணினியில், பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. வாசிக்கும் கட்டளை, கோப்பு முடிந்தாலும் ஓர் அடையாளத்தைத்தான் தரும். எழுத்து புரியாவிட்டாலும் அதே அடையாளத்தைத்தான் தரும். இரண்டில் எது என்று தனியாகக் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை. அடையாளம் வந்ததும் 'முடிந்தது' என்று எழுதியிருந்தாள்.

பழைய கணினி மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பெரிய டாக்டரின் அறைக்குப் போய், "தப்பு என்னுது டாக்டர்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. போனவங்களை முதல்ல கூப்பிடுங்க."

காகிதப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நர்ஸும் அவளும் கணக்கிட்டார்கள். ஆறு பேர் போயிருந்தார்கள். ஐந்து பேர் போனில் கிடைத்து, மதியத்துக்குள் திரும்பி வந்தார்கள். ஆறாவது ஆள் போனை எடுக்கவில்லை. அந்த அறுபத்து மூன்றாம் வரிக்காரர்தான் அவர். தச்சர். கண்ணில் மரச்சிராய் குத்தி, அன்று கட்டுப் பிரிக்க வந்தவர்.

சாயங்காலம் கணவரோடு முகவரி தேடிப் போனாள். பட்டறையில் தச்சர் ஒற்றைக் கண்ணால் மரப்பலகையை அளந்துகொண்டிருந்தார். இழைப்புளிச் சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

"முடிஞ்சுதுன்னு போட்டுட்டாங்க. அதுக்கு மேல நாம என்னத்தக் கேக்குறதுன்னு வந்துட்டேன்மா."

"முடியலைங்க. உங்க பேரை என்னோட புரோகிராமால வாசிக்க முடியல. அதை முடிஞ்சுதுன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

தச்சர் பென்சிலைக் காதில் செருகினார். "புரியலன்னா, யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அதைத்தான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்" என்றாள். கணவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் ஆளாக அவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். பார்வைக்குப் பங்கமில்லை. அன்று மதியமே அவள் நிரலைத் திருத்தினாள். இப்போது வாசிக்க முடியாத பெயர் வந்தால் பலகை அந்த இடத்தில் பதிவின்போது கொடுத்த டோக்கன் எண்ணைக் காட்டும். நர்ஸின் மேசையில் மணி அடிக்கும். நிரல் அடுத்த வரிக்குப் போகும்.

முதல் வாரத்தில் மணி மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் நர்ஸ் எழுந்துபோய், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள்.