ஸ்டியரிங்குக்குப் பின்னால் ரெண்டு காது

சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கார். கியர் தானாகவே மாறும். அது போதாதென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி ரெண்டு பட்டை. அதில் விரல் பட்டாலே கியர் மாறிவிடும்.

நானோ காலமெல்லாம் டிராக்டரில் சேற்றுழவு ஓட்டியவன். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கை ஆக்சிலேட்டரை இழுத்தே பழகிய விரல், சொன்னால் கேட்குமா?

இன்றைக்கு வீட்டம்மாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போகும்போது, பாபநாசம் தாண்டி பழக்கத்தில் அந்தப் பட்டையை இழுத்துவிட்டேன். வண்டி ஒரு வெட்டு வெட்டிக் குலுங்கியது. டயாலிசிஸ் ஊசி குத்துகிற தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

"அந்தக் காதைக் கழட்டிடு தம்பி."

"கழட்டினா வாரண்டி போயிடும் ஐயா. கம்ப்யூட்டர்லயும் நிறுத்த வழியில்ல."

மகனுக்குப் போன் போட்டேன். "அது இருக்குன்னுதாம்ப்பா அந்த மாடலையே எடுத்தேன். முடியலன்னா டிரைவர் வச்சுக்குங்க."

ஊரில் ஓட்டத் தெரிந்த பையன்கள் எல்லாரும் அவனோடுதான் அங்கே இருக்கிறார்கள்.

திரும்பும்போது பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "அடுத்த தடவை பஸ்ஸுலயே போயிடலாங்க" என்றாள். டயாலிசிஸ் முடிந்தால் அவளால் நிற்கவே முடியாது.

இந்த விரலை என்னதான் செய்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்க. வெட்டிவிடு என்று மட்டும் சொல்லாதீங்க, அதை நானே யோசித்தாயிற்று.