விழுந்ததா, படுத்ததா?

அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் நான்தான்.

மிளகு வியாபாரி ரங்கசாமி தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறார். நடத்துநர் செல்வம்தான் கிளப்பிவிட்டான் என்று பெரியண்ணன் நம்புகிறான். இரண்டும் பொய். கொல்லிமலையில் இன்று குழந்தைகளும் சொல்லிச் சிரிக்கும் அந்தச் சொல், ஒரு காலைப் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் வாயிலிருந்துதான் வந்தது.

இன்று விடியற்காலையில் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பலாப்பழம் விழுந்தது. தொப்... அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அதன் மணம் சமையலறைக்குள் வந்தது. கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கனமான ஒன்று தரையில் மோதும் ஓசையை, இப்போதெல்லாம் வெறும் ஓசையாகக் கேட்க முடிவதில்லை.

மலையில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் கால்நடை ஆய்வாளர். ராசிபுரம் பக்கமிருந்து வேலைக்காக மலையேறியவள். மாற்றல் கேட்காமலே தங்கிவிட்டவள். ஊசி போடுகிற கை என்பதால் இங்கே எல்லோருக்கும் 'டாக்டரம்மா'. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது எழுதுவேன். கவிதையில் சேராது, கட்டுரையிலும் சேராது. சிற்றிதழ்களில் வரும், அச்சடித்தவரும் நானும் படிப்போம். இந்தத் தகவல் உங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? என் குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெரியண்ணன் குண்டனி நாட்டுக்காரன்; சில ஊர்கள் சேர்ந்தால் மலையில் அது ஒரு நாடு. பெரியண்ணன் என்பது குலசாமியின் பெயர். மலையில் ஊருக்கு நாலு பெரியண்ணன் உண்டு, ஆகவே இந்தப் பெயரை வைத்து நீங்கள் அவனைத் தேட முடியாது. மரவள்ளி மூட்டையை ஒற்றைத் தோளில் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன், பட்டாளத்துக்குப் போனான். அங்கே குத்துச்சண்டைக் கையுறை மாட்டிவிட்டார்கள். ஹெவிவெயிட் ஆனான். தோற்காமலே வந்தான். அவன் படம் போட்ட தட்டி செம்மேட்டில் பேருந்து நிற்குமிடத்தில் மழையில் வெளுத்துப்போகும். புதிதாக ஒன்று வைப்பார்கள்.

எல்லாம் தொடங்கிய அந்தச் சண்டையை மளிகைக் கடை டிவியில் பார்த்தோம். எதிரே நின்றவன் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டாம் சுற்று. பெரியண்ணன் முகத்தில் ஓர் அடியும் படவில்லை. எதிராளியின் இடக்கை எங்கோ தாழ்வாகப் போய் வந்தது. பெரியண்ணன் ஓரெட்டுப் பின்வாங்கினான். எதையோ மறந்துவிட்டவன்போல நின்றான். பிறகு முழங்கால் மடங்கி, மெதுவாக, ஒருக்களித்து... நடுவர் எண்ணி முடித்தார். அவன் எழவில்லை.

யாரோ டிவியை அணைத்தார்கள்.

மறுநாள் காலை தடுப்பூசி மருந்து வாங்க நாமக்கல்லுக்குக் கிளம்பினேன். பேருந்து முழுக்க அதே பேச்சு.

"என்னங்க பெரிய சாதனை? இத்தன நாளு அவன் சாய்ச்சதெல்லாம் சோத்துக்கில்லாத பசங்கள. நெசமான ஆளு ஒருத்தன் வந்தான், முடிஞ்சுது" என்றார் வளப்பூர் நாட்டு ரங்கசாமி.

"ஏனுங்க, நீங்க போயி ஒரு நிமிசம் எதுருல நில்லுங்களே! ஒடம்பப் பாத்தா நீங்களும் ஹெவிவெயிட்டுதான்" என்றான் செல்வம், டிக்கெட்டைக் கிழித்தபடி. அவனும் பெரியண்ணனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் பெரியண்ணன் படத்தை ஒட்டி வைத்திருந்தான்.

"நிப்பனே! எங்கூட்டுக்காரிகிட்ட இத்தன வருசமா நிக்கலையா?"

"நிக்கறீங்க, நிக்கறீங்க. அது அவங்க உக்காரச் சொல்லாததுனாலீங்க."

பேருந்து சிரித்தது. பலாச்சுளைக் கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த நல்லம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஒரு நா விழுந்தா ஆளே இல்லைன்னு ஆயிருமா? அந்தப் புள்ளயாலதான நம்ம மலை பேரு டிவில வந்துச்சு?"

"வந்த பேரு போச்சுல்ல ஆத்தா? வயசு முப்பத்தி நாலு. இனி எங்க எந்திரிச்சு வரப்போறான்?"

"வருவானுங்க. ஆறு மாசம் பொறுங்க" என்றான் செல்வம்.

ரங்கசாமி என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. அடியே படலையே, அப்பறம் எப்படிங்க விழுந்தான்?"

எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை ஆண்டுகளில், மாட்டைப் பற்றி அல்லாத ஒன்றுக்காக அந்தப் பேருந்து என் முகத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

என் தொழிலில் ஒரு கேள்வி உண்டு. மாடு எழவில்லை என்று போன் வந்தால் முதலில் அதைத்தான் கேட்போம்: விழுந்ததா, படுத்ததா? விழுந்த மாட்டுக்கு எலும்பைப் பார்க்க வேண்டும். படுத்த மாட்டுக்கு இரத்தத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

"விழலீங்க" என்றேன்.

சற்று நிறுத்தினேன். அந்த நிறுத்தம்! எழுதிப் பழகியவளின் நிறுத்தம் அது. சொன்னதைவிட அந்த இடைவெளிதான் இன்றும் என்னைக் குத்துகிறது.

"படுத்துட்டான்."

பேருந்து அதிர்ந்தது. ரங்கசாமி இருக்கைக் கம்பியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "படுத்துட்டான்! அட அட... படுத்துட்டான்!" பின்படியில் நின்றவர்கள் என்னவென்று கேட்டார்கள்; சொல் கைமாறிப் பின்னால் போனது. செல்வம் என்னை ஒருமுறை பார்த்தான். விசில் ஊதினான்.

மாலையில் மருந்துப் பெட்டியோடு திரும்பியபோது, எனக்கு முன்னாலேயே அந்தச் சொல் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள். "அவன் எங்கடா விழுந்தான்? படுத்துட்டான்!" நான் விட்ட அதே இடைவெளியுடன்!

என்ன தோன்றியது என்று கேளுங்கள். பயமா? வெட்கமா? இல்லை... மகிழ்ச்சி. என் வாழ்நாளில் ஊர் மனப்பாடம் செய்த ஒரே வரி அது.

விழுவது நேர்வது, படுப்பது செய்வது. விழுந்தவனுக்குக் கை கொடுப்போம். படுத்தவனிடம் ஏன் படுத்தாய் என்று கேட்போம். இந்த வேற்றுமை எனக்குத் தெரியாதா? எழுதுகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? வாழவந்தி நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'படுத்துட்டான்' என்பது 'படுக்கச் சொன்னாங்களாம்' ஆனது. வளப்பூர் நாட்டில் 'வாங்கிட்டுப் படுத்துட்டான்' ஆகிவிட்டது. பந்தயத்தை விற்றவன்! அத்தனை வருட வெற்றியும் அந்த ஒரு சொல்லுக்கு அடியில் போய்விட்டது.

பெரியண்ணன் விடுப்பில் ஊருக்கு வந்தான். அவன் நடந்து போனால் பிள்ளைகள் பாதையில் பொத்தென்று படுத்துக் காட்டினார்கள். அவன் அப்பா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எல்லாம் என் காதுக்கு வந்தது. நான் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது.

"டாக்டரம்மாங்களா? குண்டனி நாட்டுல இருந்து பேசறனுங்க. கன்னு போட்ட மாடு, எந்திரிக்க மாட்டேங்குது."

பழக்கம்... வாய் முந்திக்கொண்டது. "விழுந்துச்சா, படுத்துச்சா?"

அந்தக் குரல் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"படுத்துருச்சுங்க அக்கா" என்றான் பெரியண்ணன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. கன்று போட்டதும் வருகிற பால் காய்ச்சல்தான். டாக்டர் நாமக்கல் கூட்டத்தில் இருந்தார்; போனில் அவரிடம் கேட்டுக்கொண்டு கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றத் தொடங்கினேன். பெரியண்ணன் மண்டியிட்டு மாட்டின் தலையை மடியில் ஏந்திக்கொண்டான். அவ்வளவு பெரிய கைகள் அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ஏனுங்க அக்கா, இது சும்மா படுத்துக்கிச்சா?"

"இல்ல கண்ணு. ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போயிருச்சு. எந்திரிக்கணும்னு அதுக்கு நெனப்பு இருக்கும். காலு கேக்காது."

அவன் தன் வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தான்.

"எனக்கும் அதேதானுங்க ஆச்சு. இங்க... ஈரல் மேல ஒரு குத்து. பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தலை தெளிவா இருக்குதுங்க. எண்ணறது கேக்குது. எந்திரிடா எந்திரிடாங்கறேன். ஒடம்பு என்னுதே இல்ல."

"குத்து வர்றது தெரியலையா?"

தொழுவத்துக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வலது கண்ணு ஓரத்துல இருட்டுங்க. உள்ள திரை கிழிஞ்சிருக்குதாம். இன்னொரு அடி பட்டா பார்வையே போயிருங்கறாங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்க. போதும்னு விட்டுப்போட்டு மிளகுக்கொடி வெக்கலாம்னுதான் வந்தேன்."

"நல்லதாப் போச்சு. வெய்யி."

"இப்ப எப்படிங்க விடறது? படுத்தவன்னு பேரு வாங்கிக்கிட்டா? இன்னொரு தடவ மேடை ஏறி எறங்கிட்டுத்தான் விடோணும்."

"பேச்சு இன்னிக்கி இருக்கும், நாளைக்கிப் போயிரும்."

"இது போகலீங்களே! நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன். செல்வம் இப்படிப் பண்ணுவான்னு நெனக்கல. அவன் பஸ்ஸுல இருந்துதான் வந்துச்சு. யார்றா சொன்னதுன்னு கேட்டேன், வாயே தொறக்கல. அப்ப அவன்தானுங்க?"

பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. சொல்வதற்கு அவ்வளவு அவகாசம்! 'நான்தான் கண்ணு' என்ற இரண்டு சொல் போதும். தன் கண்ணை என்னிடம் சொல்லிவிட்டான். என் வாயை நான் அவனிடம் சொல்லவில்லை. நரம்பில் ஊசி நகராமல் பார்த்துக்கொள்வதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

மாடு ஏப்பம் விட்டது. உடம்பு சிலிர்த்தது. ஒரு தடவை முயன்று சரிந்தது; அடுத்த தடவை நின்றுவிட்டது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியண்ணன் குழந்தைபோலச் சிரித்தான். "எந்திரிச்சிருச்சு பாருங்க அக்கா!"

ஏன் சொல்லவில்லை? அந்தக் கைகளுக்குப் பயந்தா? இல்லை. 'டாக்டரம்மா' என்ற பெயர் போய்விடும் என்றா? இருக்கலாம். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். படுத்த மாடு என்றால் என்னவென்று அந்தப் பேருந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது உள்ளே வற்றிப்போன மாடு. எழ நினைத்தும் எழ முடியாத மாடு. என் தொழில் தந்த உண்மையான சொல்லை, ஒரு சிரிப்புக்காகத் தலைகீழாகத் திருப்பினேன். அறியாமல் சொன்னேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

பெரியண்ணன் விடுப்பு முடிந்து கிளம்புமுன் ஒருநாள் செல்வத்தைத் தனியே பார்த்தேன். ஓட்டுநர் தலைக்கு மேலே சாமி மட்டும் இருந்தார், பக்கத்தில் பெரியண்ணன் படம் இல்லை.

"பெரியண்ணன் உங்ககிட்டக் கேட்டானாமே?"

"கேட்டானுங்க. சொல்லல."

"ஏன்?"

"நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்" என்றான் செல்வம். சில்லறையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான்.

அடுத்த சண்டை உறுதியாகிவிட்டது என்கிறார்கள். இவன் வருவானா, இவனால் இனி முடியுமா, பழைய வெற்றியெல்லாம் கணக்கில் சேருமா என்று பேருந்தில் இன்னமும் விவாதம் நடக்கிறது. நல்லம்மா அவன் கட்சி. ரங்கசாமி எதிர்க்கட்சி. யாருக்கும் அந்தக் கண்ணைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் எண் என் போனில் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது அவன் மேடை ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். எண்ணை எடுத்துப் பார்க்கிறேன்... வைத்துவிடுகிறேன். உங்களுக்கு இவ்வளவு எழுத முடிகிறவளுக்கு, அவனிடம் இரண்டு சொல் பேச முடியவில்லை.

அவன் கிளம்பிய காலையில், சொல்லிவிடுவது என்றுதான் செம்மேட்டுக்குப் போனேன். செல்வத்தின் பேருந்து நின்றுகொண்டிருந்தது. பெரியண்ணன் அதில் ஏறவில்லை. அடுத்த வண்டிக்காகப் பையோடு ஓரமாக நின்றான். செல்வம் படியில் தொங்கியபடி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். விசில் ஊதினான். பேருந்து வளைவில் மறைந்தது.

"எனக்காக வந்தீங்களா அக்கா?" என்றான் பெரியண்ணன். என் இடப்பக்கம் நின்றிருந்தவன், என்னைப் பார்க்க முழு முகத்தையும் திருப்பினான். "இந்த மலையில என்னைய ஒரு வார்த்த சொல்லாதது நீங்க ஒருத்தருதானுங்க."

என் வாய் திறந்தது. அடுத்த பேருந்து வந்து நின்றது.

"பெரியண்ணு, ஏறாத. எனக்காக... ஏறாத" என்றேன்.

பேருந்தைச் சொல்கிறேன் என்று நினைத்தானோ, மேடையைச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டானோ, சிரித்தான். படியில் கால் வைத்துத் திரும்பினான்.

"பயப்படாதீங்க அக்கா. விழுந்தாலும் விழுவனே தவிர, படுக்க மாட்டனுங்க. வாரேன்."