எல்லா நிறத் தோலும் தேவை

அந்த அறிவித்தலை முதலில் கண்டது நான் அல்ல. நோர்வேயில், பேர்கனில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வார்ட்டின் இடைவேளை அறையில், கூட வேலை செய்யும் ஒருத்தி கோப்பியைக் குடித்துக்கொண்டே தன் ஃபோனில் வாசித்துச் சொன்னாள். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஒஸ்லோ துறைமுகக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்க, ஒருவர் படம் எடுக்கப்போகிறாராம். வயது வந்த யாரும் பெயர் கொடுக்கலாம். எல்லா உடல்வாகும் தேவை, எல்லா நிறத் தோலும் தேவை. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை ஒருத்தியை எடுத்தால் அவர்களுக்கு இரண்டு நிறம் கிடைக்குமே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பகிடியை வெளியே சொல்ல முடியாது. எனக்கு முப்பத்தெட்டு வயதில் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு வருடத்தில் அது உள்ளங்கை அளவானது. பிறகு மார்பு, தொடை, இடுப்பு என்று தன் பாட்டுக்குப் படர்ந்தது. முகத்திலும் கையிலும் மட்டும் வரவில்லை. இது தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, தோலின் நிறம் போகிறது, அவ்வளவுதான் என்றார் டொக்டர். டொக்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் சனம் அதை வெண்குட்டம் என்று சொல்லும். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளையைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே மகள், அப்போது அவளுக்குப் பத்து வயது. வீட்டுக்கு வெளியே, ஒஸ்லோவில் ரொம்மனில் இருக்கும் என் அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, ஒருவருக்கும் மூச்சு விடாதே என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆகவே நான் என்னை மூடினேன்.

பதினாறு வருடம் மூடினேன். வேலையிடத்தில் எல்லோரும் உடுப்பு மாற்றும் அறையில் மாற்றாமல் கழிவறைக்குள் போய் மாற்றினேன். நோர்வேயில் நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு முன் எல்லோருக்கும் முன்னால் உடுப்பில்லாமல் குளிக்கவேண்டும் என்பது சட்டம் மாதிரி. அதனால் மகள் நீந்தப் பழகிய காலமெல்லாம் அந்த வெக்கைக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு குளத்தோர வாங்கில் இருந்தேன். அம்மாவுக்குத் தண்ணி பயம் என்று அவள் சிநேகிதிகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டிலும் அதே கதைதான். படுக்கும் அறையில் லைட்டை அணைத்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவேன். என் மனுசன் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. முதல் புள்ளி வந்தபோது டொக்டரிடம் கூட்டிப்போனவர் அவர்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் நிறுத்தியபோதும் சரி என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கதைக்காத மனுசன் என்றால் அப்படி ஒரு கதைக்காத மனுசன். ஆனால் லைட்டைப் போடும் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா. சொல்லவில்லை. அவருக்கு என்னைப் பார்க்க அருவருப்பு, நல்ல மனுசன் என்பதால் வெளியே காட்டாமல் இருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அந்த முடிவோடுதான் சமைத்தேன், வேலைக்குப் போனேன், போன வருடம் மகளைக் கட்டிக்கொடுத்தேன்.

கலியாண மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், இனி யாருக்காக மறைக்கிறேன் என்ற கேள்வி வந்தது. என்னைப் பார்க்க அருவருப்பா என்று மனுசனிடம் நேரே கேட்டுவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன், சோறு போடவா என்றுதான் வந்தது. அந்த அறிவித்தலைக் கேட்ட அன்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், சனத்துக்கு நடுவில் மறைக்காமல் நிற்பேன். அதற்குப் பிறகும் வானம் இடிந்து விழாவிட்டால், வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்பேன். அன்று மாலையே பெயர் கொடுத்தேன்.

வீட்டில், ஒஸ்லோவில் வேலைக் கூர்ஸ், ஒரு பயிற்சி வகுப்பு என்று சொன்னேன். நோர்வேயில் கூர்ஸ் என்று சொன்னால் அதற்குமேல் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை ஏழு மணித்தியாலம் ரயிலில் தனியாக இருந்தேன். அவ்வளவு தூரம் தனியாகப் போனது எனக்கு அதுதான் முதல் தடவை. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போனால் நண்டுக்கறி கிடைக்கும், கூடவே விசாரணையும் நடக்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்தேன். தமிழ் ஆட்கள் யாரும் கண்டுவிடுவார்களோ என்று முதலில் பயந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அங்கே என்னைக் காணப்போகிற தமிழர் யாராக இருந்தாலும் அவரும் என்னைப் போலத்தான் நிற்பார். அவர் எந்த வாயால் போய்ச் சொல்லுவார்? அந்த நினைப்பு வந்ததும் நல்ல நித்திரை வந்தது.

விடியற்காலை நாலரைக்கே சூரியன் துறைமுகத்துத் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கடல்வரை இறங்கும் அகலமான கற்படிகளுக்கு மேலே, ஒரு திறந்த வெளியில் எல்லோரும் குழுமியிருந்தோம். ஒரு ஏணியில் நின்ற படக்காரர் ஒலிபெருக்கியில் நன்றி சொல்லிவிட்டு, உடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இறங்கலாம் என்றார். நான் வீட்டில் போடும் சோட்டியோடு வந்திருந்தேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று தொங்கும் சட்டை அது. அதற்குள்ளேயே மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே விழுத்தினேன். எங்கள் பெண்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, ஒரு அங்குலம் தெரியாமல் முழு உடுப்பும் மாற்றுவோம். நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் வெறும் மேலோடு நின்று காலநிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நானும் சோட்டியைத் தலைக்கு மேலால் இழுத்தேன்.

அப்போது மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஒழுங்கு பார்க்கும் ஆட்களில் ஒருத்தி, என் மகள் வயது இருக்கும். மிகவும் தன்மையாக, நகைகளையும் கழற்றவேண்டும், வெயிலில் மினுங்கும் என்றாள். நகை இல்லையே என்றேன். தோடு, காப்பு, மோதிரம் எல்லாம் ஹோட்டலிலேயே கழற்றி வைத்தாயிற்று. அவள் என் கழுத்தைக் காட்டினாள். தாலிக்கொடி.

உண்மையாகச் சொல்கிறேன், அதை நகை என்றே நான் நினைத்ததில்லை. நகை வேண்டாம் என்று அவர்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்திருக்கிறேன், தாலி ஞாபகத்துக்கே வரவில்லை. இருபத்தொன்பது வருடமாக அது என் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. மகள் பிறக்க வயிற்றை வெட்டியபோதுகூட நேர்ஸ் அதைத் தோளோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டித்தான் உள்ளே கொண்டுபோனாள். இத்தனை உடுப்பையும் கழற்றியபோது வராத பயம் அப்போது வந்தது. புருசன் உயிரோடு இருக்கக் கழற்றினால் அவருக்கு ஆகாது என்பார்கள். நான் அதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. ஆனால் அவர் ஓட்டுவது பஸ், பேர்கன் பக்கத்து ரோட்டில் பாதி சுரங்கம், அன்றைக்கும் அவருக்குக் காலை வேலை.

சோட்டியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு ஃபோன் எடுத்தேன். முந்தி வடக்கே பாட்ஸ்பியோர்டில், மீன் ஃபக்டரியில் மீன் வெட்டிய காலத்திலிருந்தே நாலு மணிக்கு எழும்புகிறவர் அவர். உடனே எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, நான் கூர்ஸுக்கு வரேல்லை” என்று தொடங்கி, எங்கே நிற்கிறேன், எப்படி நிற்கிறேன், ஏன் நிற்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அருவருப்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

“இப்ப ஏன் எடுத்தனீர்?” என்றார்.

“தாலியைக் கழட்டச் சொல்லுகினம். நீங்கள் இண்டைக்கு பஸ் ஓடப் போறீங்கள்.”

கேத்தில் டக்கென்று நின்றது. பிறகு, “கழட்டும். நான் பாத்து ஓடுறன். மிச்சத்தை வீட்டை வாரும், கதைப்பம்” என்றார். வைத்துவிட்டார்.

கோபமா, இல்லையா, குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. கொடியின் திருகு இறுகிப் போயிருந்தது, அந்தப் பெண்தான் கழற்றித் தந்தாள். பையில் போட்டு நிலத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, தாலியை நிலத்தில் வைப்பதில்லை என்றேன். அவள் அதை மிகப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். நான் படியில் இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், அவள் அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, பத்திரம் என்பது போல் நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறாள். என் மனுசனுக்கு இரண்டாம் தாரமும் வந்துவிட்டது. சிரிக்கவேண்டாம் என்று படக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

கல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. சுற்றிப் பார்த்தேன். நாள் முழுக்க நோயாளிகளைக் கழுவித் துடைக்கிறவள் நான், உடம்புகள் எனக்குப் புதிதில்லை. இவருக்கு இடுப்பெலும்பு மாற்றியிருக்கிறார்கள், இவளுக்கு ஒரு மார்பை எடுத்திருக்கிறார்கள், அந்த இளைஞன் வயிற்றில் மலப்பையோடு நிற்கிறான் என்று தழும்புகளைப் பெயர் வாசிப்பதுபோல வாசித்தேன். வார்ட்டில் இவர்கள் படுத்திருப்பார்கள், நான் உடுத்திருப்பேன். இங்கே எல்லோரும் ஒரே மாதிரி நின்றோம். என் வெள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தார்கள், பிறகு வேறு எங்கோ பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மட்டும், வெயில் ஏறப்போகிறது, அந்த வெள்ளை இடங்களுக்குக் கிறீம் பூசினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். பூசவேண்டும், சுடும், எனக்கு உடம்பு முழுக்க வெள்ளைதான், நான் அறிவேன் என்றாள். பதினாறு வருடத்தில் டொக்டரையும் அக்காவையும் தவிர இன்னொரு மனிசர் என் தோலைப் பற்றிக் கதைத்தது அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

முதலில் முகத்தைப் பார்த்து எடுத்தார்கள். பிறகு எல்லோரையும் கடலைப் பார்த்துத் திரும்பச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. அந்தப் பெண் கொடியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, விறைத்த விரல்களால் திருகைப் பூட்டினாள்.

வானம் இடியவில்லை. ஆனால் வீட்டில் அவர் கதைக்கவும் இல்லை. கதைப்பம் என்று சொன்னவர், பயணம் எப்படி என்று கேட்டார், அரிசி முடிந்துவிட்டது என்றார். வேறு ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு முன்னால் நின்ற எனக்கு அந்த ஒரு மனுசனுக்கு முன்னால் கேள்வி வரவில்லை. நான் செய்தது அவரை நோகடித்துவிட்டது, கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இரவுகளில் பழையபடி லைட்டை அணைத்தேன்.

ஆகஸ்டில் கலந்துகொண்டவர்களுக்கு ஒவ்வொரு படம் தபாலில் வந்தது. உருளையாகச் சுற்றிய பெரிய படம். வேலையால் வந்த என் மனுசன் அதைக் கண்டு, குசினி மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்தார். அவர்கள் தெரிந்தெடுத்திருந்தது கடலைப் பார்த்து நின்ற படம். முழுக்க முதுகுகள். நான் ஏற்கெனவே அரை மணித்தியாலம் தேடி என்னைக் காணாமல் விட்டிருந்தேன். கறுப்புத் தோல்காரரே பலர் நின்றோம், கொண்டை போட்டவர்களும் பலர், ஒவ்வொருவரும் விரல்நகம் அளவு. தேடாதீர்கள், எனக்கே தெரியவில்லை என்றேன். அவர் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, விரலை வைத்தார்.

“இது நீர்.”

எப்படித் தெரியும் என்றேன்.

“முதுகிலை, இடப்பக்கத் தோளுக்குக் கீழை வெள்ளை இருக்கெல்லே.”

முதுகில் எனக்கு இல்லை என்றேன். முன்பக்கம்தான், முதுகில் ஒரு நாளும் வரவில்லை. அவர் நிமிராமலே சொன்னார்: “இருக்குது. பத்து வருசமா இருக்குது. முந்திச் சின்னன், இப்ப பெருத்திட்டுது.”

நான்தான் லைட்டை அணைத்துவிடுவேனே, பிறகு எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார்.

“கோடையிலை இஞ்சை எங்கையப்பா இருட்டு?” என்றார். “நீர் நித்திரை கொண்டாப் பிறகு பாத்துக்கொண்டு கிடப்பன். நான் பாக்கிறது உமக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சன்.”

ஜன்னல் சீலை திறந்து கிடந்தது, எதிர்வீட்டுக்காரர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் என் மனுசனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டையை மேலே உயர்த்தி, எந்த இடம் என்று தொட்டுக் காட்டச் சொன்னேன்.