முதல் சோடா எத்தனை மணிக்கு

“நேத்து சோடா குடிச்சதுமே சரியாயிடுச்சுங்க” என்றார் அந்த அம்மா, வார்டு வாசல் குழாயில் டம்ளரைக் கழுவிக்கொண்டே.

நேற்றா? கேஸ் ஷீட்டில் ‘வலி இன்று காலை ஆறு மணி முதல்’ என்று நான்தானே எழுதியிருந்தேன்.

அவர் வீட்டுக்காரருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. வயிற்றுப் புண் ஓட்டையாகிக் கசிந்து, அன்று பகலில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. நான் எம்.பி.பி.எஸ். முடித்த சூட்டோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை, ஏன் என்று ஒரு நோட்டு போட்டிருந்தேன். வயசு, வரும்போது பிரஷர், சர்க்கரை, பீடி, மூட்டுவலி மாத்திரை, வலி தொடங்கி எத்தனை மணி நேரம். கடைசியாக உள்ள அந்த மணிக்கணக்குக் கட்டம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. தாமதமாக ஆக ஆபத்து கூடும் என்கிறது பாடம். என் நோட்டிலோ எல்லாருக்கும் வலி காலையிலிருந்துதான். அதில் ஒருவர் குணமாகி, தானே நடந்துபோய்க் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். அதே வயசுக்காரர் இன்னொருவர் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

“ஒன் நோட்டுல எல்லாருக்கும் சேவல் கூவுனாதான் வலிக்கும் போல” என்பார் சர்ஜன்.

நேற்று எப்போது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மத்தியானம், சூளை பிரிக்கும்போது சுருக்கென்று குத்தியதாம். கம்பெனி கேட்டோரக் கடையில் இரண்டு சோடா குடித்து, ஏப்பம் விட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாராம்.

“அத ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“வலி எப்பன்னுதானே கேட்டீங்க? அது வாயு. சோடாவுக்கு அடங்கலைன்னாதாங்க வலி.”

ஓட்டை விழுந்த வேதனை சில மணி நேரம் தானாகவே தணிவதுண்டு. தணித்த பெயரைச் சோடா தட்டிக்கொண்டு போயிருக்கிறது! கருவேப்பிலங்குறிச்சிக்காரரின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். அன்றைக்குச் சோடா குடித்தீர்களா என்றதும் சிரித்தார்.

“எங்க குடிக்கறது? கட மூடிக் கெடந்துச்சு. நேரா ஒங்ககிட்டதான் வந்தேன்.”

இறந்தவர் வீட்டில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சர்ஜனிடம் ஓடினேன். அவர் கிண்டல் செய்யவில்லை. “அப்ப ஒரு நாளா ஊறியிருக்கு. அதான் வயிறு பூரா சீழு” என்றவர் கட்டிலருகே வந்தார். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து யூரின் பையில் ஒரு சொட்டில்லை. சலைனைக் கூட்டினார். பொழுது சாய்வதற்குள் யூரின் இறங்காவிட்டால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குக் குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. ஆறு மணிக்குப் பையில் விரல்கடை அளவு. முழுதாகத் தப்பிவிட்டார் என்று சொல்ல இன்னும் சில நாள் ஆகும். ஆனால் கண்ணைத் திறந்து, வறண்ட உதட்டோடு பெண்டாட்டியிடம் முதலில் கேட்டது சோடா. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார்.

நோட்டில் அந்தக் கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு ‘முதல் சோடா எப்போது?’ என்று எழுதினேன். அது போதாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை எனக்கு ஒரு நாள் முன்னால் பார்ப்பவர் சோடாக் கடைக்காரர்தானே! நாளை ஷிஃப்ட் விடுவதற்குள் கம்பெனி கேட்டுக்குப் போக வேண்டும். அப்படி வருகிறவருக்குச் சோடா உடைக்காமல் இங்கே அனுப்புங்கள் என்றால் வியாபாரத்தைக் கெடுப்பதாகத் திட்டுவாரோ என்னவோ. முதலில் நான் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.